உண்ணி எல்லா நாயையும்தான் கடிக்கிறது. காய்ச்சல் ஏன் சில நாய்களுக்கு மட்டும்?

சென்னையில் நாய் வளர்ப்பவர்களிடம் ‘டிக் ஃபீவர்’ என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது. நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, உடம்பு கொதிக்கிறது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று தூக்கிக்கொண்டு ஓடினால், டாக்டர் உதட்டை விலக்கி ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, “உண்ணி இருந்துச்சா?” என்பதுதான். இருந்திருக்கும். நம் ஊரில் உண்ணியே பார்க்காத நாய் எங்கே இருக்கிறது? தெருமுனையில் படுத்திருக்கும் நாயின் காதுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி; அது பாட்டுக்கு ஆட்டோவைத் துரத்திக்கொண்டிருக்கிறது. ஏசி அறையில் தூங்கும் லாப்ரடார் நாலைந்து உண்ணிக்கே படுத்துவிடுகிறது. ஆக, உண்ணி கடித்தது என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்த நாயின் வயது, அது எங்கே தூங்குகிறது, யாருக்குப் பிறந்தது, யாரோடு சண்டை போட்டது, யாருடைய ரத்தத்தை ஏற்றிக்கொண்டது என்பதில் எல்லாம் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘டிக் ஃபீவர்’ ஒரு நோயின் பெயர் இல்லை; உண்ணியால் வரும் நாலைந்து நோய்களுக்குப் பொதுவாக வைத்த பெயர். அவற்றில் எர்லிக்கியா பாக்டீரியா வகை. ஹெபடோசூன் ஒட்டுண்ணி வகை. அது பரவும் வழியே வேறு. உண்ணி நாயைக் கடித்தால் வராது, நாய் உண்ணியைக் கடித்து விழுங்கினால் வரும். இங்கே பேசப்போவது பபேசியாவைப் பற்றி. சிவப்பணுவுக்குள் புகுந்து, உள்ளேயே பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறும் ஒருசெல் ஒட்டுண்ணி இது. மலேரியாக் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். அந்தச் சொந்தம் கடைசியில் மருந்து விஷயத்தில் திரும்ப வரும்.

உலகத்தில் நாயைத் தாக்கும் பபேசியா பல உண்டு. ஐரோப்பாவில் கேனிஸ், தென்னாப்பிரிக்காவில் மிகக் கடுமையான ரோஸி. இந்தியாவில் பெரும்பாலும் இரண்டு பேர்: உருவத்தில் பெரிய வோகெலி, சின்ன கிப்சோனி. காது நுனியில் ஊசியால் குத்தி, வரும் சொட்டைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாக இழுத்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைப்பார்கள். காலின் சிரையில் எடுத்த ரத்தத்தைவிட இதில் ஒட்டுண்ணி அகப்படும் வாய்ப்பு அதிகம். தொற்றிய அணுக்கள் நுண்குழாய்களில் தேங்கி நிற்பதே காரணம். வோகெலி என்றால் ஒரே சிவப்பணுவுக்குள் துளி வடிவத்தில் இரண்டு, கூர்முனைகள் ஒட்டியபடி தெரியும். கிப்சோனி ஒரு சின்ன வளையம், நடுவில் ஒரு புள்ளி. அனுபவமில்லாத கண் அதைச் சாயக் கறை என்று தள்ளிவிடும். இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். ஏனென்றால் இரண்டின் குணமும் வேறு, மருந்தும் வேறு.

இந்தக் கிப்சோனிக்கு நம் ஊர்தான் பிறந்த வீடு. அதாவது, அறிவியல் அதை முதலில் கண்டது மெட்ராஸில். 1910இல், இந்திய மருத்துவப் பணியில் இருந்த டபிள்யூ. எஸ். பாட்டன், ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்ற வேட்டைக் குழுவின் நாய்களுடைய ரத்தத்தில் புதிய ஒட்டுண்ணி ஒன்று இருப்பதாக எழுதினார். குதிரையேறி நாய்களை விட்டு நரி துரத்தும் சீமைப் பொழுதுபோக்கை வெள்ளைக்காரர்கள் இங்கேயும் கொண்டுவந்திருந்தார்கள். அங்கே செந்நரி, இங்கே அதற்குப் பதிலாக ஊளையிடும் நம்மூர் நரி. பாட்டன் அடுத்து நரியின் ரத்தத்தைப் பார்த்தார். அதிலும் அதே ஒட்டுண்ணி.

இந்த ஒரு சம்பவத்தை இன்றைய அறிவோடு படித்தால், ஆபத்துக் காரணிகளில் பாதி அதற்குள்ளேயே கிடைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். கப்பலில் வந்த நாய்கள். இந்த ஒட்டுண்ணியைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தறியாத உடம்பு. எல்லாவற்றையும் ஒரே கொட்டிலில் அடைத்து வைக்கும் வழக்கம். நரி திரியும் புல்வெளியில் ஓட்டம். ஒட்டுண்ணியைச் சுமந்தபடி வாழும் ஒரு காட்டு விலங்கு பக்கத்திலேயே. நரியை எடுத்துவிட்டுத் தெரு நாயை வைத்தால், இன்றைய புறநகர் அபார்ட்மென்ட்டின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

சரி, உண்ணிக்கு வருவோம். உண்ணி நோயைப் பரப்பும் என்பதே ஒரு காலத்தில் நம்ப முடியாத செய்தி. 1893இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் மாட்டுக்கு வரும் பபேசியா உண்ணி வழியாகப் பரவுகிறது என்று நிரூபித்தார்கள். கொசுவும் மலேரியாவும் பற்றிய கண்டுபிடிப்புக்குச் சில ஆண்டுகள் முந்தியது அது.

நம் வீட்டு நாயின் மேல் இருப்பது பழுப்பு நிற நாயுண்ணி. மற்ற உண்ணிகள் புல்லும் புதரும் தேடும். இது வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து முட்டையிட்டு வாழ்க்கையை முடித்துக்கொள்ளும். காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கில் ஆமணக்கு விதை அளவுக்கு ஊதி, சாம்பல் நிறத்தில் தொங்குவது பெண் உண்ணி. பக்கத்திலேயே தட்டையாக, சின்னதாக ஒட்டிக்கொண்டிருப்பது ஆண். ரத்தம் குடித்து முடித்த பெண் கீழே விழுந்து, சுவரைப் பிடித்து மேலே ஏறும். கதவுச் சட்டத்தின் பிளவு, மாட்டியிருக்கும் படத்தின் பின்பக்கம், மொட்டை மாடி நாய்க்கூண்டின் மேல்மூலை என்று ஓர் இடுக்கைத் தேடி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஒருமுறை, அடுத்த பருவத்தில் ஒருமுறை, வளர்ந்த பிறகு ஒருமுறை என ஒவ்வொரு உண்ணியும் மூன்று தடவை நாயின் மேல் ஏறி இறங்குகிறது. நடுவில் நாய் கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். வெப்ப நாடுகளில் ஆண்டுக்கு நான்கு தலைமுறை வரை பெருகும். குளிர்காலம் என்று ஒன்று வந்து உண்ணியை அடக்கும் ஊரில் இந்த நோய்க்குப் பருவம் உண்டு. நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இதனால்தான் நாயின் மேல் எத்தனை உண்ணி என்பதைவிட, நாய் படுக்கும் இடம் எப்படி என்பது பெரிய கேள்வியாகிறது. குளிப்பாட்டி, பிடுங்கி, மருந்து தடவி நாயைச் சுத்தமாக்கியவர்கள், பதினைந்து நாளில் மறுபடி உண்ணி என்று மருந்தைத் திட்டுவார்கள். மருந்தின் மேல் பழியில்லை. புதுப் படை சுவரிலிருந்து இறங்கியிருக்கிறது. பல நாய்கள் ஒன்றாக இருக்கும் கென்னல், காப்பகம், ஊருக்குப் போகும்போது நாயை விட்டுச் செல்லும் போர்டிங் எல்லாம் ஆபத்து கூடிய இடங்களாவதற்கும் இதுவே காரணம். போதாக்குறைக்கு, பபேசியா தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகக்கூடியது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, ஆறு கால் மட்டும் உள்ள குஞ்சு உண்ணியும் முதல் கடியிலேயே நோயைக் கொடுக்கலாம்.

ஆனால் கடித்த நிமிடமே நோய் இறங்குவதில்லை. உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கும் ஒட்டுண்ணி, சூடான ரத்தம் உள்ளே போன பிறகுதான் தொற்றும் நிலைக்கு முதிர்கிறது. அதற்கு ஏறக்குறைய இரண்டு மூன்று நாள் ஆகும். நாய் வளர்ப்பவர்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் இந்த இடைவெளி. தினமும் மாலை ஐந்து நிமிடம் காதையும் விரலிடுக்கையும் தடவிப் பார்த்து, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுப்பவர் வீட்டு நாய்க்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பவர் வீட்டு நாய்க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் உண்டாகிறது. இப்போது கிடைக்கும் ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர் மாத்திரைகளும் இதே இடைவெளியை நம்பித்தான் வேலை செய்கின்றன. உண்ணி கடித்து, ரத்தத்தோடு மருந்தையும் குடித்து, ஒட்டுண்ணி முதிர்வதற்குள் சாகிறது. முதல் மருந்தின் பலன் சுமார் மூன்று மாதம், இரண்டாவதன் பலன் ஒரு மாதம். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் இவற்றைத் தருமுன் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும். 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இது பற்றி எச்சரித்திருக்கிறது.

கிப்சோனிக்கு இன்னொரு வாகனமும் உண்டு. 1937இல் சுவாமிநாத், ஷார்ட் என்ற இருவர், மாடு ஆடுகளின் மேல் இருக்கும் ஹீமஃபைசாலிஸ் வகை உண்ணி இந்த ஒட்டுண்ணியைக் கடத்துவதைக் காட்டினார்கள். தொழுவத்தில் படுக்கும் நாய், கிடைக்குக் காவல் போகும் நாய், பக்கத்துக் காலி மனையில் மாடு மேயும் புல்லில் புரண்டுவிட்டு வரும் நகரத்து நாய், மூன்றுக்கும் இது பொருந்தும். வீட்டுக்குள் உண்ணியே இல்லையே என்று தைரியமாக இருப்பவர்கள், நடைக்குப் போகும் வழியையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி, தெரு நாய்க்கு ஏன் வரவில்லை? வரவில்லை என்று யார் சொன்னது? ஆட்டோவைத் துரத்தும் அந்த நாய் குட்டியாக இருந்தபோது அதனுடன் பிறந்தவை எத்தனை, இன்று எத்தனை என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். வோகெலி பெரிய நாயைப் பெரும்பாலும் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். சில மாதக் குட்டியைக் கொன்றுவிடும். பிழைத்த குட்டியின் உடம்பில் ஒட்டுண்ணி முழுதாக ஒழிவதில்லை. எண்ணிக்கை அடங்கி, நோயும் இல்லாமல் சுகமும் இல்லாமல் ஒரு சமரசம் ஏற்படுகிறது. புதிதாக உண்ணி கடித்தாலும் அந்தப் பழைய தொற்றே ஓரளவு காவல் நிற்கும். நாம் பார்க்கும் தெரு நாய் வடிகட்டி மிஞ்சியது. மூன்று மாதக் குட்டியாகப் பெங்களூருக் கென்னலிலிருந்து வந்து, உண்ணி படாமல் பொத்தி வளர்த்து, நாலு வயதில் முதல்முறையாக மாட்டிக்கொள்ளும் நாய்க்கு அந்தச் சமரசம் எதுவும் கிடையாது.

இங்கே புள்ளிவிவரம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வலை இருக்கிறது. எந்த இன நாய்க்கு அதிகம் வருகிறது என்று மருத்துவமனைப் பதிவேட்டை வைத்துக் கணக்குப் போட்டால், லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் முதலிடத்தில் நிற்கும். மருத்துவமனைக்குக் காரில் வருவது அவைதானே! தெரு நாய் வரிசையில் டோக்கன் வாங்கி நிற்பதில்லை. ஆண் நாய்க்கு அதிகம், கோடையில் அதிகம் என்பன போன்ற முடிவுகளையும் இதே சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆண் நாய் அதிகம் சுற்றும், அதிகம் சண்டை போடும். சில ஊர்களில் வாங்கி வளர்ப்பதே ஆண் நாயைத்தான்.

இனம் என்ற காரணியின் முகமூடி கழன்ற கதை அமெரிக்காவில் நடந்தது. 2000 முதல் 2003 வரையான 150 பபேசியா நாய்களை அலசி 2005இல் வெளியான ஆய்வில், கிப்சோனி தொற்றியவற்றில் மிகப் பெரும்பான்மை பிட்புல். உடனே, பிட்புல்லின் மரபணுவில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் பிட்புல் அல்லாத நாய்களில் யாருக்கு இது வந்தது என்று பார்த்தபோது, அவை அண்மையில் கடிபட்டவை, அதுவும் பிட்புல்லிடம் கடிபட்டவை என்று தெரிந்தது. ஜப்பானில் உண்ணி அதிகம் இல்லாத பகுதிகளிலும் சண்டைக்கு வளர்க்கும் டோசா நாய்களிடம் கிப்சோனி இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் அது நுழைந்தது பிட்புல்களிடம்தான். மூன்று நாட்டுக்கும் பொதுவாக இருந்தது நாய்ச்சண்டை. ஒரு நாயின் ஈறிலிருந்து கசியும் ரத்தம் இன்னொன்றின் காயத்துக்குள் போனால் போதும், உண்ணியே வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் அதே அமெரிக்காவில் உண்டு. அங்கே பந்தய நாய்களான கிரேஹவுண்டுகளிடம் வோகெலி அதிகம். அவை சண்டைக்காக வளர்க்கப்படுபவை அல்ல. நெருக்கமான கென்னல்களில் நாயுண்ணிகளோடு வாழ்ந்தவை. இரண்டு இனத்துக்கும் நோய் வந்தது மனிதர்கள் வைத்திருந்த விதத்தால். ‘இந்த இனத்துக்கு டிக் ஃபீவர் வரும், அந்த இனத்துக்கு வராது’ என்று குட்டி விற்பவர் சொல்லும் உத்தரவாதத்தை இந்த இரண்டு கதைகளையும் நினைவில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கூட விதிவிலக்கில்லை.

ரத்தத்தால் போகும் வழிகள் இன்னும் இரண்டு. ஒன்று, தாயிடமிருந்து வயிற்றில் இருக்கும் குட்டிக்கு. கிப்சோனியில் இது சோதனை மூலமாகவே நிரூபிக்கப்பட்டது. வருடம் தவறாமல் ஈனவைக்கப்படும் தாய் நாய் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும். குட்டிகள் ஒவ்வொன்றாக வெளுத்துச் சாகும். பல வளர்ப்பாளர்கள் அதைப் பார்வோ வைரஸின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். குட்டி வாங்குபவர்கள் தாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்கள், சான்றிதழைக் கேட்கிறார்கள். தாயின் ரத்தப் பரிசோதனையைக் கேட்பவரை நான் பார்த்ததில்லை. இன்னொன்று, ரத்தம் ஏற்றுவது. கடும் ரத்தசோகையில் இருக்கும் நாய்க்கு அவசரத்தில் பக்கத்து வீட்டுத் திடகாத்திரமான நாயின் ரத்தத்தை எடுத்து ஏற்றுவார்கள். அந்தத் திடகாத்திரம் மேலே சொன்ன சமரசத்தின் விளைவாக இருந்தால், உதவி உபத்திரவமாகிவிடும்.

உறங்கும் ஒட்டுண்ணியை எழுப்புபவை எவை? மண்ணீரல்தான் தொற்றிய சிவப்பணுக்களை வடிகட்டி ஒழிக்கும் உறுப்பு. கட்டி, விபத்து என்று ஏதோ காரணத்துக்காக அதை எடுத்துவிட்ட நாய்க்கு லேசான வோகெலிகூட ஆபத்தாகும். புற்றுநோய் மருந்தும் அப்படியே. கர்ப்பம், பெரிய அறுவை, கூடவே வந்த எர்லிக்கியா ஆகியவையும் சமநிலையைக் குலைக்கும். ஒரே உண்ணி இரண்டையும் சுமப்பதால் இந்தக் கூட்டணி அபூர்வமும் இல்லை. அப்புறம், நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு. தோல் அரிப்புக்கு ‘ஒரு ஊசி போட்டா சரியாயிடும்’ என்று போடப்படும் ஊசிகளில் இது நிறைய. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பபேசியா தொற்றில் உடம்பு தொற்றிய அணுவை மட்டும் அழிப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் நல்ல அணுவையும் சேர்த்து அழிக்கிறது. ஆகவே ஒட்டுண்ணி கொஞ்சமாகவும் ரத்தசோகை மிக அதிகமாகவும் இருக்கும் நாய்கள் உண்டு. அவற்றை, உடம்பு தன்னையே தாக்கும் வேறொரு நோய் என்று நினைத்து ஸ்டீராய்டில் போட்டுவிட வாய்ப்பிருக்கிறது. ஒருமுறை ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்துப் பார்த்த ஸ்மியரில் எதுவும் இல்லை என்பதால் பபேசியா இல்லை என்று ஆகாது. ஒட்டுண்ணியின் மரபணுவையே ரத்தத்தில் தேடும் பிசிஆர் பரிசோதனை தேவைப்படும் இடம் இது.

மனிதனுக்கு ஒட்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். நாயின் இந்த இரண்டு பபேசியாவையும் பற்றி அந்தக் கவலை வேண்டாம். ஆனால் அதே பழுப்பு உண்ணி மனிதனைக் கடித்து, இந்திய உண்ணி டைபஸ் என்ற காய்ச்சலைக் கொடுக்கக்கூடும். உண்ணியை விரலால் நசுக்குவதை நிறுத்த இது போதுமான காரணம்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவதும், மாட்டுக்கு அடிக்கும் மருந்தை அளவில்லாமல் கலந்து குட்டியைக் குளிப்பாட்டுவதும் இன்னும் நடக்கிறது. நோய் வராமல் குட்டி விஷத்தில் சாகும். ஐவர்மெக்டின் ஊசியும் அப்படித்தான்: கோலி வகை நாய்கள் பலவற்றின் மூளைக்குள் அந்த மருந்து தடையின்றிப் புகுந்துவிடும். நாய்க்கு மருந்து போடும் அதே நாளில் கூண்டு, சுவர்ப் பிளவு, கட்டில் அடி எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்தடித்து, பிளவுகளைப் பூசி அடைத்து, சில வாரம் கழித்து இன்னொரு சுற்றும் செய்தால்தான் பலன்.

வரும் முன் காப்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், வந்த பிறகு கிப்சோனியோடு போராடுவது கஷ்டம். வோகெலிக்கு இமிடோகார்ப் ஊசி நன்றாக வேலை செய்யும். கிப்சோனிக்கு அது போதாது. டிமினசீன் காய்ச்சலை இறக்கும், ஒட்டுண்ணியை வேரோடு எடுக்காது. அளவு கூடினால் நரம்பையும் பாதிக்கும். மலேரியாச் சொந்தம் உதவிக்கு வருவது இங்கேதான்: மனிதருக்கான மலேரியா மருந்தான அட்டோவகோனையும் அசித்ரோமைசினையும் பத்து நாள் சேர்த்துக் கொடுக்கும் முறை 2004இல் பலன் தந்தது. விலை கொஞ்சநஞ்சம் இல்லை. அதற்குள் அட்டோவகோனுக்கு அடங்காத கிப்சோனியும் தோன்றிவிட்டது. ஒட்டுண்ணியின் சைட்டோக்ரோம் பி மரபணுவில் ஒரே ஒரு மாற்றம் போதும். பாதிக் கோர்ஸில் நாய் எழுந்து சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்தும் வீடுகள் அந்த மாற்றத்துக்குத்தான் இடம் கொடுக்கின்றன.

நாய் தேறி, ஈறு சிவந்து, பழையபடி வாசலில் குரைக்க ஆரம்பித்தாலும் கணக்கு முடியவில்லை. சிகிச்சை முடிந்து 60ஆம் நாள் ஒன்று, 90ஆம் நாள் ஒன்று என்று இரண்டு பிசிஆர் பார்த்து, இரண்டிலும் ஒட்டுண்ணி இல்லை என்று வந்தால்தான் ஓரளவு நம்பலாம். அந்த நாயை இனவிருத்திக்கு விடுவதா, அதனிடமிருந்து இன்னொரு நாய்க்கு ரத்தம் எடுப்பதா என்ற பேச்சையெல்லாம் அந்த இரண்டாவது முடிவு கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.